பழைய உருவில் ஒரு கார்

ஆசை என்பது பணம் படைத்தவர்க்கு மட்டும் உரியதன்று. மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கும் அது உண்டு. அவன் தன் ஆசையை வரவு செலவுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறான், அவ்வளவே வேறுபாடு. காத்திருந்த பொருள் ஒருநாள் கைக்கெட்டும் தொலைவில் வந்து நிற்கும்போது, வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்வது எளிதாக இருப்பதில்லை. அத்தகைய முடிவு ஒன்றை அண்மையில் நான் செய்ய வேண்டியிருந்தது. பொருள், இரண்டு இருக்கை உள்ள ஒரு திறந்த கார். நம் சங்கத்து அன்பர்களுள் பலர், ஊரில் விட்டுவந்த வீட்டு முற்றத்தில் பழைய கார் ஒன்றை வாங்கி நிறுத்த வேண்டும் என்று எண்ணுகிறவர்கள். ஆதலின் நான் கண்டவற்றையும் கணக்கிட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கார், இங்கிலாந்தின் எம்.ஜி. நிறுவனம் செய்த டி.எஃப். என்னும் வண்டியின் உருவில் அமைந்தது. மாரிஸ் காரேஜஸ் என்ற பெயரின் முதலெழுத்துகளே எம்.ஜி. ஆக்ஸ்போர்டு நகரில் மாரிஸ் கார்களை விற்றும் பழுதுபார்த்தும் வந்த நிலையத்திலிருந்து பிறந்த பெயர் அது. டி.எஃப். வகை 1953 முதல் 1955 வரைதான் செய்யப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 9,600 வண்டிகள். நீண்ட மூக்கு, அலைபோல் எழுந்து இறங்கும் மட்கார்டு, கால்வைத்து ஏறும் படி, மடக்கிவைக்கும் துணிக்கூரை ஆகியவை அதன் அழகு. அசலின் விலையை எங்களைப் போன்றவர்கள் விசாரிப்பதுகூட வீண். ஆகவே பிரதி செய்வோர் தோன்றினர். நான் பார்த்ததும் ஒரு பிரதியே. கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருந்தது. விலை நான்கரை லட்சம் ரூபாய். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக உள்ள எனக்கு அது பத்தாண்டுச் சேமிப்பு.

பிரதி என்றால் வெறும் பொம்மை என்று எண்ணிவிடக் கூடாது. மேலே தெரிவது கண்ணாடி நாரில் வார்த்த உடல். அடியில் இருப்பது நம் நாட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று 1959-இல் வெளிவந்த காரை, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் சென்னையில் செய்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உரு அது. அக்காலத்தில் பெரும்பாலான கார்களுக்கு உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகிவிட்டன; ஹெரால்டுக்கோ சட்டம் வேறு, உடல் வேறு. போல்ட்டுகளைக் கழற்றினால் உடலைத் தனியே தூக்கிவிடலாம். டிரையம்ப் நிறுவனமே அச்சட்டத்தைச் சுருக்கி அமைத்து, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இரு இருக்கைக் காரை வெளியிட்டது. பின்னர் 1970களில் இங்கிலாந்தில் ஜென்ட்ரி என்ற பெயரில் விற்கப்பட்ட எம்.ஜி. பிரதிக்கும் ஹெரால்டின் சட்டமே அடிப்படை. எனவே கோயம்புத்தூர் வண்டியின் அமைப்பு யாரோ மனம்போனபடி செய்த சேர்க்கையன்று. அதற்கு ஒரு வழிமுறை உண்டு.

பிரதி வாங்குவது இழிவு என்று சொல்வோர் உளர். நான் அவ்வாறு நினைக்கவில்லை. என் துறையிலேயே சான்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பற்சக்கரப் பாதையில் ஏறும் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அவை முதுமையடைந்தபோது, திருச்சிப் பொன்மலைப் பணிமனை அதே வகுப்பில் 2011 முதல் 2014 வரை நான்கு புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டியது. எண்ணெயில் எரியும் அவை பழைய உருவில் மலையேறுகின்றன. அவற்றைப் போலி என்று எவரும் சொன்னதில்லை. ஏன்? ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் எண் உண்டு. தான் பிறந்த ஆண்டும் பணிமனையும் மறைக்கப்படவில்லை. 2011-இல் கட்டிய எஞ்சின், தன்னை 1914-இல் பிறந்தது என்று கூறிக்கொள்வதில்லை. பென்ஸ் நிறுவனமும் 1886-ஆம் ஆண்டைச் சேர்ந்த தன் மூன்று சக்கர வண்டிக்குப் பிரதிகள் செய்திருக்கிறது. அவையும் பிரதிகள் என்றே காட்டப்படுகின்றன. உருவைப் பின்பற்றுவது குற்றமன்று. பிறர் பெயரில் உலவுவதே குற்றம். வண்டியைப் பார்க்கப் புறப்பட்டபோது இந்த அளவுகோலை மனத்தில் கொண்டேன்.

பொள்ளாச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் உடன் வந்தார். அவர் பெயிண்டைப் பார்க்கவில்லை. படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடி நார் துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். ஹெரால்டில் நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளே முதலில் அரிக்கப்படும். அவற்றுள் இரண்டை மாற்ற வேண்டும் என்றார். அடுத்து முன்சக்கரம். அதைத் தாங்கித் திருப்பும் வெண்கல மூட்டுக்குக் கிரீஸ் ஆகாது, கியர் எண்ணெய்தான் இட வேண்டும். அறியாத பட்டறைகளில் கிரீஸையே அடைத்துவிடுகிறார்கள். உள்ளே ஈரம் தங்கி, திருகு அரித்து, ஒருநாள் சக்கரம் மடிந்துவிடும். பின்சக்கர அச்சும் நடுவில் மடங்கும் வகை. வளைவில் வேகமாகத் திருப்பி, இடையில் சட்டென ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்புறம் தூக்கிக்கொள்ளும். பந்தயக் கார் போலத் தோன்றினாலும் பந்தயக் கார் போல ஓட்டக் கூடாத வண்டி.

பெட்ரோலும் ஒரு கவலை. 2025-இல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். தொட்டி முதல் கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். பிரேக் ஒரே எண்ணெய்க் குழாயில் இயங்குவது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிடி போய்விடும். சட்டம், முன்மூட்டு, பிரேக், குழாய், வயர் எல்லாவற்றையும் கூட்டி மைத்துனர் ஒன்றரை லட்சம் என்றார். உழைப்புக்கு அவர் பணம் வாங்கமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது. டிரையம்ப் உதிரிப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. கப்பல் கூலியும் சுங்கமும் தனி.

இவ்வளவும் கேட்ட பின்னும் என் மனம் வண்டியின் பக்கமே இருந்தது. உரிமையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளம் வழியாக எருத்தேன்பதிக்கே ஓட்டிவந்து காட்டினார். தெருப்பிள்ளைகள் கூடிவிட்டனர். என் மனைவி வண்டியைச் சுற்றி வந்து, "நாம் நான்கு பேர், இருக்கை இரண்டுதானே?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு விடை என்னிடம் இல்லை. பின்னர் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. எங்கள் முற்றம் குறுகலானது. ஒருபுறம் கிணறு, மறுபுறம் தென்னை. கார்கள் முன்னும் பின்னுமாக நான்கு முறை அசைந்தே திரும்பும். இதுவோ ஒரே வளைவில் திரும்பிவிட்டது.

திண்ணையில் இருந்த அப்பா எழுந்து வந்தார். "இது ஹெரால்டு அல்லவா? இப்படித் திரும்புவது அது ஒன்றுதான்" என்றார். இளமையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு முதலாளியின் ஹெரால்டை அவர் ஓட்டியவர். 25 அடி வட்டத்துக்குள் திரும்புவது அந்தக் காரின் புகழ்பெற்ற குணம். கண்ணாடி நார் மூடியிருந்தும், எந்தச் சின்னமும் இல்லாதிருந்தும், அவர் கண்டுகொண்டார். மூக்கைத் தடவிப் பார்த்து, "ஹெரால்டுக்கு மூடியும் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும், எஞ்சின் முழுதும் கண்ணுக்குத் தெரியும். அதை ஏன் எடுத்தார்கள்?" என்று வருந்தினார். எம்.ஜி.யின் அழகில் மயங்கி நின்ற எனக்கு, அடியிலிருக்கும் வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு, அது எங்கள் வீட்டு வரலாற்றோடு சேர்ந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் படித்தேன். 1967-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மூடிய உடல், நான்கு இருக்கை. முற்றத்தில் நின்றதோ திறந்த உடல், இரண்டு இருக்கை. "பல ஆண்டுகளாக ஓட்டுகிறேன், ஒருவரும் கேட்டதில்லை" என்றார் உரிமையாளர். கேட்காதது வேறு, கேட்டால் சொல்ல விடை இருப்பது வேறு. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தயங்கவும் இடமுண்டு.

பழம்பெரும் வண்டிகளுக்கென 2021-இல் வந்த தனி விதி உதவுமா என்று பார்த்தேன். 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில், வி.ஏ. என்ற எழுத்துகளுடன் பத்தாண்டுக்குப் பதிவு கிடைக்கும். ஆனால் சட்டமும் உடலும் எஞ்சினும் மாற்றப்படாதிருக்க வேண்டும். பிரதிக்கு அந்தக் கதவும் மூடியதே.

வேறு நாடுகளில் வழி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், சிறு தயாரிப்பாளர் ஒருவர் ஆண்டுக்கு 325 பிரதிகள் வரை விற்க இடமளித்தது. இங்கிலாந்தில் வயது உறுதியாகாத வண்டிக்குக் கியூ என்ற எழுத்தைத் தந்து, உள்ளதை உள்ளபடி அறிவிக்கச் செய்கிறார்கள். நம் நாட்டிலோ புதிய வகை வண்டி எதுவாயினும், மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி அதன் மாதிரியைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பிச் சான்று பெற வேண்டும். ஒரே ஒரு வண்டி செய்பவருக்கு அது ஆகாத காரியம்.

எல்லையில் வாழும் எங்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. நிலம் ஒரு மாநிலத்தில், சந்தை மற்றொரு மாநிலத்தில் என்பது இங்கே இயல்பு. எனினும் தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கேரளத்தில் வைத்திருந்தால், 47-ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். மறுபதிவுக்கு வண்டியை அதிகாரி முன் நிறுத்த வேண்டும். அங்கே புத்தகமும் வண்டியும் இரு வேறு கதை சொல்லும். யாரும் கேட்டதில்லை என்பது அன்றோடு முடிந்துவிடும்.

ஆகவே வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். ஆசை குறைந்ததால் அன்று. பணத்துக்கு அஞ்சியும் அன்று. ஒன்றரை லட்சச் செலவை மூன்றாண்டில் மெல்லச் செய்திருக்கலாம். துருவை நீக்கலாம், மூட்டை மாற்றலாம், பிரேக்கைப் புதிதாக்கலாம். எந்தப் பட்டறையும் சரிசெய்ய முடியாதது அந்த ஆர்.சி. புத்தகம் ஒன்றுதான். பொன்மலை எஞ்சினுக்கு உள்ள நேர்மை அந்தக் காருக்கு வாய்க்கவில்லை. குற்றம் காருடையதன்று, அதற்கு ஒரு பெயர் வைக்க நம் சட்டத்தில் இடமில்லை.

பணம் அஞ்சலகத்தில் இருக்கிறது. இப்போது நானும் மைத்துனரும் மாற்றம் செய்யப்படாத ஹெரால்டு ஒன்றைத் தேடுகிறோம். புத்தகம் உயிரோடு இருந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, வரி கட்டி, சாதாரணக் காராகவே ஓட்டலாம். நால்வர் அமரலாம், ஐந்தாமவராக அப்பாவையும் நெருக்கி ஏற்றிக்கொள்ளலாம். எம்.ஜி.யின் அலைவளைவு அதற்கு இல்லைதான். ஆனால் அது சென்னைத் தொழிலாளர் கைகள் பூட்டிய வண்டி; தன் பெயரிலேயே நிற்கும் வண்டி.

பிரதி கார் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு சொல். நீங்கள் வாழும் நாட்டில் பிரதிக்குத் தனிப்பதிவு உண்டாயின், அஞ்சாமல் வாங்குங்கள். நல்ல பிரதி நல்ல பொருளே. ஊரில் வாங்குவதாயின், வண்டியைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அடுத்துச் சட்டத்தின் அடியைப் பாருங்கள். பெயிண்டைக் கடைசியில் பாருங்கள். வரிசை மாறினால் மனம் பெயிண்டிலேயே நின்றுவிடும். அருகில் அதைப் பழுதுபார்க்கும் ஒரு கை இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். இல்லையேல் வண்டி முற்றத்துக்குத்தான் அழகு. எங்களுக்கு ஹெரால்டு கிடைத்தால், அதன் செலவுக் கணக்கையும் இப்பக்கங்களில் எழுதுவேன்.