நமது இல்லத்து இறால்கள்

இறால் என்றதும் குழம்புச் சட்டியை நினைப்பவரே பலர். ஓசூரில் நமது இல்லத்து மேசையின்மீது, இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் அதனை வளர்க்கிறோம் என்றால் நண்பர்கள் நகைக்கின்றனர். உண்பதற்கன்று, பேத்தியோடு அமர்ந்து காண்பதற்கே. சீனம், தைவான் நாடுகளின் நன்னீரோடைகளுக்கு உரிய இச்சிற்றினம் ஏறத்தாழ ஓரங்குல நீளமே உடையது. இயல்பில் மங்கிய நிறமுடைய இதனைத் தேர்ந்து பெருக்கிச் செந்நிறமாக்கி, 'செர்ரி இறால்' எனப் பெயரிட்டனர்.

அரபு மொழியின் பழைய அகராதிகள் இறாலை 'இர்பியான்' என்று குறித்து, மீனின் ஒரு வகையென உரைக்கின்றன. விலங்கியலாரோ அது மீனன்று, கணுக்காலி. கொசுவுக்கும் வண்டுக்கும் தூரத்து உறவு என்பர். நீர்வாழ்வனவற்றுள் மீனே உண்ணத்தக்கது என்பது ஹனஃபி மத்ஹபு. ஆதலின் இறால் மீனா, அன்றா என்னும் வினா அம்மத்ஹபின் அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. ஷாஃபிஈ வழியினர்க்கு அதனை உண்பதில் ஐயமில்லை. இதனை மாணவர்க்குப் பலமுறை விளக்கியிருக்கிறோம். விலங்கியலார் கூறும் அந்த உறவுமுறை ஒருநாள் நம்மையே தலைகுனிய வைக்கும் என்று அப்போது எண்ணினோமில்லை.

தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே இறாலை விடலாகாது. கழிவிலிருந்து எழும் அமோனியா அதற்கு நஞ்சு. அந்நஞ்சை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். குளோரினும் செம்பும் அதற்கு ஆகா. பேத்தி நாட்காட்டியில் கோடிட்டு நாட்களை எண்ணினாள். பத்து இறால்களை விட்டோம். அவற்றுள் ஒன்று சட்டை உரித்தபோது, வெற்றோட்டைக் கண்டு இறந்ததென்றே அழுதாள். பாசியின் பின்னிருந்து அது வெளிவந்ததும் சிரித்தாள். தாய் இறால் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்து, மூன்று நான்கு வாரம் கால்களால் விசிறியபடியே இருக்கும். குஞ்சுகள் தாயின் வடிவிலேயே வெளிவரும்.

எல்லா நன்னீர் இறாலுக்கும் இவ்வெளிமை இல்லை. ஆற்றில் வாழும் பெரிய இறாலின் இளங்குஞ்சு உப்புக் கலந்த நீரிலன்றிப் பிழைக்காது. நம்மவர் பலர் கடல்கடந்து சென்று வாழ்ந்த பினாங்கில், 1961ஆம் ஆண்டு ஷாவ் வென் லிங் என்னும் அறிஞர் இவ்வுண்மையைக் கண்டறிந்தார். இன்று நன்னீர் இறால் பண்ணைகள் இயங்குவதற்கு அதுவே அடிப்படை.

சென்ற ஐப்பசியில் மழை வலுத்தது, கொசுவும் பெருகியது. ஓரிரவு அறை முழுதும் கொசுமருந்தைத் தெளித்துக் கதவைச் சாத்தினோம். சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்து விளக்கைப் போட்டபோது, செம்புள்ளிகள் யாவும் மணலில் அசைவற்றுக் கிடந்தன. கொசுவை மாய்க்கும் பைரித்ராய்டு மருந்து, அதன் தூரத்து உறவான இறாலையும் மாய்க்கும்.

"அறியாமல் செய்துவிட்டோமம்மா" என்றோம்.

"மருந்து டப்பாவில எழுதியிருக்குமே, நன்னா. நீங்க படிக்கலையா?" என்றாள் பேத்தி.

எடுத்துப் படித்தோம். மீன்தொட்டியை மூடிவைக்க வேண்டும் என்று சிற்றெழுத்தில் இருந்தது. அரபு நூல்களையும் தமிழ் நூல்களையும் முப்பது ஆண்டுகள் படித்த கண்கள் அவ்வொரு வரியைப் படிக்கவில்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் ஓதிக்கொடுத்தவரும் நாமே. குழந்தையின் வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. "தவறு நன்னாவுடையது" என்று மட்டும் கூறினோம்.

அதன்பின் ஒருநாள் கெலவரப்பள்ளி அணைப்பக்கம் சென்றோம். நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரு மாநகரின் கழிவையும் சுமந்துகொண்டே ஓசூரை அடைகிறது. மதகு வழியே இறங்கும் நீரில் வெண்ணுரை மலையெனப் பொங்கி எழுவதை இவ்வூரார் பல்லாண்டுகளாகக் கண்டுவருகின்றனர். முன்பெல்லாம் அதனைக் கண்டு பிறரைப் பழித்துவிட்டுத் திரும்புவோம். அன்று அவ்வாறு பழிக்க நா எழவில்லை. நம் அறையில் ஒரு கை செய்ததையே, பல இலட்சம் கைகள் ஓர் ஆற்றுக்குச் செய்திருக்கின்றன. அவருள் பெரும்பாலோரும் 'அறியாமல்' என்றே கூறுவர்.

தொட்டியைக் கழுவினோம், மணலையும் பாசியையும் மாற்றிப் புதுநீர் நிரப்பினோம். ஆற்றை அவ்வாறு கவிழ்த்துக் கழுவ இயலாது. நமது இல்லத்தில் இது மூன்றாவது வாரம். பேத்தி நாட்காட்டியில் மீண்டும் கோடிட்டு வருகிறாள். கோடிடுமுன், நாம் எதையேனும் தெளித்தோமா என்று நாள்தோறும் கேட்கிறாள். நாமும் நாள்தோறும் விடை கூறுகிறோம்.