நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் தேவாரத்தில் என்னைக் காண வந்தார். பி.காம். முடித்து, போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் இரண்டாண்டுகள் கணக்கு எழுதியவர். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு இருப்பதாகவும், துஆச் செய்யுமாறும் கேட்டுக்கொண்டார். கையில் ஒரு தாள் இருந்தது. கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடை எழுதி மனனம் செய்துகொண்டிருந்தார்.

அவற்றுள் ஒன்று: நிறுவனத்தின் விதிமுறை ஒன்றில் உங்களுக்கு உடன்பாடில்லை எனில் என்ன செய்வீர்கள்? அதற்கு அவர் எழுதியிருந்த விடை: நிர்வாகம் எதைச் சொன்னாலும் மறுபேச்சின்றி ஏற்பேன்.

இதே விடையை நானும் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறேன். பட்டயம் பெற்ற கையோடு வெளியூர் மத்ரஸா ஒன்றின் நிர்வாகக் குழு முன் நின்றபோது சொன்னது. வேலை கிடைத்தது. ஆறு மாதங்களில், மாதச் சந்தா கட்டாத பிள்ளைகளைத் தனி வரிசையில் அமர்த்துமாறு குழு முடிவெடுத்தது. என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் வாய் திறக்கவில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைத்தோட்டத்துக்குப் போகும் ஒரு தாயின் மகன் இரண்டு வாரம் அவ்வரிசையில் உட்கார்ந்தான். பிறகு வரவே இல்லை. யாஸீன் சூராவின் பாதியில் அவன் ஓதல் நின்றது. நெடுநாள் கழித்து அக்குழுவில் இருந்த ஒருவர், “அன்றைக்கே நீங்கள் சொல்லியிருந்தால் யோசித்திருப்போமே, ஹஜ்ரத்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாணவரிடம் பத்ருப் போரைப் பற்றிச் சொன்னேன். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. நபி (ஸல்) அவர்கள் படையுடன் ஓரிடத்தில் தங்கியபோது, ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அவர்கள் முதலில் ஒரு கேள்வி கேட்டதாக இப்னு இஸ்ஹாக் தம் சீராவில் பதிவு செய்கிறார்: இவ்விடம் அல்லாஹ்வின் கட்டளையா, அல்லது தங்கள் கருத்தா? கருத்துத்தான் என்று அறிந்த பின்னரே, எதிரிக்கு அருகிலுள்ள கிணற்றுக்கு நகரலாம் என்று காரணத்துடன் சொன்னார். நபியவர்கள் ஏற்றார்கள். மாற்றவியலாத கட்டளை எது, பேசத் தகுந்த கருத்து எது என்று முதலில் பிரித்தறிந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு உஹுத். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபியவர்களின் எண்ணம். வெளியே செல்ல வேண்டும் என்று பலர் விரும்பினர். வெளியே செல்வதென முடிவாயிற்று. நபியவர்கள் அம்முடிவில் உறுதியாக நின்றார்கள். அப்துல்லாஹ் இப்னு உபைக்கும் ஊருக்குள் இருப்பதே விருப்பம். ஆனால், தன் சொல் கேட்கப்படவில்லை என்று சுமார் முந்நூறு பேருடன் பாதி வழியில் திரும்பிவிட்டான். கருத்து ஒன்றுதான், அது ஏற்கப்படாத பின் நடந்துகொண்ட விதம் வேறு. தேர்வாளர் அறிய விரும்புவதும் அதுவாகவே இருக்கும் என்றேன்.

“அப்படியானால் எதற்கும் கீழ்ப்படியத்தான் வேண்டுமா, ஹஜ்ரத்?” என்றார். நெருப்பில் இறங்குமாறு தம் வீரர்களுக்கு ஆணையிட்ட தளபதியின் நிகழ்ச்சி புகாரியில் வருகிறது. இறங்கியிருந்தால் அவர்கள் அதிலிருந்து வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையில் மட்டுமே என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். எல்லை அங்கே இருக்கிறது. (பிடிக்காத விதியை எல்லாம் ஹராம் என்று சொல்லிவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு, அதையும் எச்சரித்தேன்.)

“உன் கடையில் உனக்கு ஒப்பாத விதி ஏதும் இருந்ததா, தம்பி?” என்று கேட்டேன். இருந்தது. காய் பொறுக்கும் பெண்களுக்கு மாலையில் மட்டுமே எடை போடுவார்கள். தொலைவிலிருந்து வருவோர் பேருந்தைத் தவறவிடுவார்கள். நண்பகலிலும் ஒருமுறை எடை போடலாம் என்று முதலாளியிடம் தனியே சொல்லியிருக்கிறார். கணக்கு இரட்டிப்பாகும் என்று அவர் மறுத்துவிட்டார். மாலையிலேயே எடை போட்டார். ஆனால், பேருந்துக்குப் போகிறவர்களை வரிசையில் முதலில் நிற்கச் செய்தார். அதற்கு முதலாளி தடை சொல்லவில்லை.

“இதையே சொல்” என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தேர்வு முடிந்த அன்றே தொலைபேசியில் அழைத்தார். அந்தக் கேள்வி வந்ததாம். எடை விவகாரத்தைச் சொன்னாராம். ஒருவர் குறுக்கிட்டு, “8 மில்லிமீட்டர் காயில் 7 மில்லிமீட்டரைக் கலந்து மூட்டை கட்டச் சொல்லியிருந்தால்?” என்று கேட்டிருக்கிறார். “கலக்க முடியாது என்று அவரிடமே சொல்லியிருப்பேன் ஐயா, வேலை போனாலும்” என்று சொன்னாராம். அவர்கள் எதுவும் பேசாமல் குறித்துக்கொண்டார்களாம்.

முடிவு இன்னும் வரவில்லை.