ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்றோடு முடிகின்றன. பள்ளி அலுவலகத்திலும் ஆசிரியர் அறையிலும் உள்ள ஒன்பது கணினிகளும் நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடுகிற பெட்டிகளைக் கழித்துக்கட்ட மனம் வரவில்லை. லினக்ஸ் மின்ட் போடலாம் என்றேன். காசு கிடையாது, 2029 வரை புதுப்பிப்பு வரும், மெனுவும் பழையபடி இடது கீழ் மூலையில்தான். தலைமையாசிரியர் சம்மதித்தார்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி விடுமுறையில் ஒன்பதிலும் ஏற்றிவிட்டேன். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தின் வேலை முழுக்க பிரவுசரில்தான் என்பதால் அங்கே யாருக்கும் சிரமமில்லை. அலுவலக மேடத்துக்கு ஒரே கவலை: "நான் அனுப்புற ஃபைல் மேல திறக்குமா சார்?" லிப்ரே ஆஃபிஸில் எந்த விரிதாளைச் சேமித்தாலும் எக்செல் வடிவிலேயே விழும்படி மாற்றிக் கொடுத்தேன். மாலைக்குள் பழகிவிட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

தமிழய்யா பென் டிரைவைச் செருகி ஒரு வினாத்தாளைத் திறந்தார். மவுஸ் மேலிருந்த கை அப்படியே நின்றது.

"தம்பி, என் எழுத்தெல்லாம் போச்சே."

'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பதினெட்டு வருட வினாத்தாள்களும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி, ஆங்கில ஜே உட்கார்ந்திருக்கும் இடத்தில் 'த' என்று படம் வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் படம் விலகி ஜே தெரிந்துவிடுகிறது. யூனிகோடில் 'த'-வுக்கு உலகம் முழுக்க அதற்கே உரிய எண் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. எங்கள் பள்ளிக் கோப்புகள் மட்டும் பாமினியிலேயே தங்கிவிட்டன.

பழைய கணினியின் நகலிலிருந்து பாமினியை எடுத்து நிறுவிக் கோப்பை மறுபடி திறந்தேன். தமிழ் வந்தது. ஐயா முதல் வினாவை வாய்விட்டு வாசித்துப் பார்த்துக்கொண்டார். மெனு எங்கே இருக்கிறது என்று அரைமணி நேரம் காட்டிய நான், எதில் தட்டச்சு செய்கிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

அக்டோபர் 27, திங்கள்

இனி யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். அரசு ஏற்ற விசைப்பலகை தமிழ்99, அதையே எல்லோருக்கும் கற்றுக்கொடு என்கிறார் இன்னோர் ஆசிரியர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் தமிழய்யா பழைய தட்டச்சுப்பொறியில் தேர்வு எழுதித் தேறியவர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. அவர் விரல்களை எதற்காக மாற்ற வேண்டும்? லினக்ஸில் தமிழ் உள்ளிட உதவும் ஐபஸ்ஸில் பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகையும் இருக்கிறது. அதைத் தேர்ந்து கொடுத்தேன். சில குறிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. ஐயா அவற்றைத் தன் அழகான கையெழுத்தில் துண்டுத்தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

அக்டோபர் 30, வியாழன்

மூன்று நாளாக, பள்ளி விட்டபின் இருவரும் உட்கார்ந்து பழைய தாள்களை யூனிகோடுக்கு மாற்றுகிறோம். மாற்றித் தரும் மென்பொருளுக்கு எது பாமினி, எது ஆங்கிலம் என்று தெரியாது. தலைப்பில் ஆங்கிலத்தில் இருந்த பள்ளிப் பெயரையும் அர்த்தமில்லாத தமிழெழுத்துக் குவியலாக்கிவிடுகிறது. அட்டவணைக் கோடுகள் காணாமல் போகின்றன. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஐயா சலிக்கவே இல்லை.

இன்று எல்லா வினாக்களையும் ஒரே கோப்பில் சேர்த்தோம். தேடும் கட்டத்தைக் காட்டினேன். 'குறுந்தொகை' என்று நிதானமாக அடித்தார். மஞ்சள் பூசிக்கொண்டு வரிசையாக வந்து நின்றன.

"இதே கேள்விய 2012-லயும் கேட்டிருக்கேன், 2016-லயும் கேட்டிருக்கேன்," என்றார். அரையாண்டுத் தாளில் பாதி அடித்திருந்த அந்த வினாவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.