`சின்னது சம்பாதிக்குது... பெருசு இன்னும் படிக்குதா?'

சாத்தாங்காடு என்றாலே பலருக்கும் இரும்பு மார்க்கெட்தான் ஞாபகம் வரும். டிரெய்லர் லாரி, எடை மேடை, கம்பி, தகடு, இரவு பகல் பார்க்காத சத்தம். எங்கள் அப்பா அங்கே ஒரு கடையில் லோடு கணக்கு பார்க்கிறார். எங்கள் தெருவிலிருந்து எம்.காம், எம்.ஃபில் வரை போன முதல் ஆள் என் அக்கா. அவளுக்கு இருப்பது ஒரே ஆசை. கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும்.

``எம்.காம் படிச்ச பொண்ணு, மார்க்கெட்ல ஜி.எஸ்.டி பில் போட்டாலே மாசம் இருபதாயிரம் வருமே?" - இதைக் கேட்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. நான் ஜர்னலிசம் டிப்ளோமா முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதனால் அடுத்த கேள்வியும் வரும். ``சின்னது சம்பாதிக்குது, பெருசு இன்னும் படிக்குதா?"

அவர்களுக்கு அக்கா பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தாள். கல்லூரி ஆசிரியராக முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. `நெட்' அல்லது மாநில அளவிலான `செட்' தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் பிஹெச்.டி வேண்டும். எம்.ஃபில் இந்தக் கணக்கில் சேராது. அந்தப் படிப்பையே யு.ஜி.சி 2022-ல் நிறுத்திவிட்டது. இந்தத் தகுதி கைக்கு வந்த பிறகுதான் அரசுக் கல்லூரி வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத முடியும்.

2024-ஐ அக்கா ரொம்ப நம்பியிருந்தாள். மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. ஆகஸ்ட் 4-ல் தேர்வு. அதற்கு முன்னால் ஜூன் முதல் வாரத்தில் செட், 18-ம் தேதி நெட். சுவரில் மாட்டிய காலண்டரில் மூன்று தேதிகளையும் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தாள்.

செட் தேர்வு கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. நெட் தேர்வை நாடு முழுக்க 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு அக்காவும் எழுதினாள். மறுநாள் இரவே அந்தத் தேர்வு ரத்து என்று அறிவித்தார்கள்.

அந்தச் செய்தியை எங்கள் டெஸ்க்கில் டைப் செய்தது நான்தான். தலைப்பு போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்கு போன் செய்தேன். ``அக்கா, நெட் கேன்சலாம்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ``சரிடி, சாப்பிட்டியா?" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் தேர்வும் நடக்கவில்லை. நெட் மறுதேர்வு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கியது. செட் 2025 மார்ச்சில் நடந்தது. வாரியத்தின் புது அறிவிப்பு 2025 அக்டோபரில் வந்தபோது இடங்கள் 2,708 ஆகியிருந்தன. காலண்டரே மாறிப்போயிருந்தது.

இந்தக் காத்திருப்புக்கு வீடுதான் பணம் கட்டுகிறது. எம்.ஃபில் ஃபீஸுக்காக அடகு வைத்த அம்மாவின் வளையலுக்கு என் சம்பளத்திலிருந்துதான் வட்டி போகிறது. சில மாதங்களில் எனக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருப்பாள், அல்லது பக்கத்து வீட்டுப் பையனுக்கு அக்கவுன்ட்டன்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் எதற்குக் கோபப்படுவது?

நடுவில் ஒரு தனியார் கல்லூரிக்கு இன்டர்வியூ போனாள். மாதம் 14,000 ரூபாய். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். கோடை விடுமுறையில் பத்து அட்மிஷனாவது பிடித்துவர வேண்டும். ``பாடம் எப்படி நடத்துவீங்கன்னு மட்டும் யாரும் கேக்கலடி" என்றாள்.

அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதம். 12 மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் 23,000கூட வராது. ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி 2019-லேயே சொல்லியிருக்கிறது.

அக்கா இப்போது செட் தேறிவிட்டாள். ஒரு கல்லூரியில் மாலை நேர ஷிஃப்டில் பாடம் எடுக்கிறாள். டிசம்பரில் வாரியத் தேர்வும் எழுதினாள். வீட்டுக்கு வர இரவு எட்டரை ஆகும். வந்ததும் அன்றைக்கு எந்தப் பிள்ளை என்ன சந்தேகம் கேட்டது என்று சொல்லிக்கொண்டேதான் சாப்பிடுவாள். அப்பாவுக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும் வரை டி.வி-யைப் போட மாட்டார்.

இந்தப் பாதையில் கிளம்பியிருப்பவர்களுக்கு அக்கா சொல்லச் சொன்னது இதுதான். பணி நியமன ஆணையைக் கையில் வாங்காமல் வகுப்புக்குள் போகாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். வேலையை விட்டு வரும் நாளிலேயே அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள்.

நான் சொல்ல இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. உங்கள் தெருவிலும் இப்படி ஓர் அக்காவோ அண்ணனோ இருப்பார்கள். பார்க்கும்போதெல்லாம் ``வேலை கிடைச்சுதா?" என்று கேட்காதீர்கள். ``பரீட்சை எப்போ வெச்சிருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும்.