ஆயுதப்படை மைதானம்: ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை

ஆகஸ்ட் 6

காவலர்களுக்கான ஆண்டு விளையாட்டுப் போட்டி மாவட்டத் தலைநகரின் ஆயுதப்படை மைதானத்தில் தொடங்குகிறது. மாவட்டத்தில் தேறியவர்கள் மண்டல அணிக்குப் போவார்கள். மண்டல அணிகள் மாநிலப் போட்டியில் மோதும். அங்கே வென்றவர்களிலிருந்து தமிழ்நாடு காவல்துறை அணி உருவாகி அகில இந்தியப் போட்டிகளுக்குச் செல்லும். ஓட்டம், தாண்டுதல், எறிதல், கபடி, வாலிபால், கால்பந்து, ஹாக்கி, கயிறு இழுத்தல் எனப் பட்டியல் நீளம். ஆள் மட்டும் எப்போதும் குறைவு, அதிலும் பெண்கள் அணியில்.

இன்று மாலை மாவட்டத் தேர்வு. 400 மீட்டரில் முதலாவதாக வந்த பெண் காவலர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கபடிக்கு அழைக்கப்பட்டார். ஏழாவது ஆள் பாரா டியூட்டியில் மாட்டிக்கொண்டதால் அந்த இடம் காலி. பாடிப் போனவர் கோட்டை நோக்கித் திரும்பினார். வலது பாதம் மண்ணில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் எழுந்த சத்தம் பக்கத்தில் நின்ற இருவருக்கும் கேட்டிருக்கிறது. இந்தக் குறிப்புகள் அவர் வீட்டில் எழுதப்படுகின்றன.

ஆகஸ்ட் 7

வீக்கம். ஐஸ் ஒத்தடம். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

ஆகஸ்ட் 11

எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. ஊர்ப் பேச்சில் முட்டி ஜவ்வு, மருத்துவர் வாயில் ஏ.சி.எல். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில் குறுக்காக ஓடும் இந்த ஜவ்வு, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. முழுதாகக் கிழிந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. நேராக நடப்பது சில வாரங்களில் பழகிவிடும். ஓடிக்கொண்டே திரும்பும்போதுதான் முட்டி கைவிடும். விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குத் தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். அதன் பிறகு களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதங்களாவது ஆகும். கபடி ஆடுகிறவர்களிடையே இந்தக் காயம் சகஜம். சட்டென்று திரும்புவதும், கணுக்காலைப் பிடித்து இழுக்கப்படுவதும் கபடியின் இயல்பிலேயே இருக்கின்றன.

காவல் நிலையத்தில் எழுத்தர் முதலில் கேட்டது: "டியூட்டியில பட்டதா, விளையாட்டுல பட்டதாம்மா?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. படிவத்தில் ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும். ஆனாலும் அந்தக் கேள்வி வீட்டை இரண்டு நாளாக வதைக்கிறது. எழுத்து மூலம் உத்தரவு போட்டு மைதானத்துக்கு அனுப்பப்பட்டவர் பணியில்தான் இருந்தார். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 19

காவல்துறைக்குள் விளையாட்டு வீரர்கள் இரண்டு வழியில் வருகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 10 சதவீத இடங்கள் விளையாட்டு ஒதுக்கீடு. தேசிய, மாநிலப் போட்டிச் சான்றிதழ் உள்ளவர்கள் அந்த வழியில் சேர்கிறார்கள். மற்றவர்கள் பொதுவழி. அங்கே ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். நல்ல ஓட்டக்காரருக்கு இந்த அளவு ஒரு பொருட்டே அல்ல. கிராமத்தில் மைதானமே பார்க்காமல் வளர்ந்த பெண்ணுக்கோ, தன் ஓட்டத்தை ஒருவர் கடிகாரம் வைத்துப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. இந்தக் காவலரும் அப்படி வந்தவர். பயிற்சிப் பள்ளியில் காலை ஓட்டத்தின்போது, அணியில் எல்லோரையும் விட்டுவிட்டு முன்னால் போகிறாரென்று கவாத்து ஆசிரியர் அதட்டியதில்தான் தன் கால் வேகம் அவருக்கே தெரிந்தது.

பணியில் சேர்ந்த பிறகு அந்தக் கடிகாரத்தை யாரும் எடுப்பதில்லை. இரவு ரோந்து, நீதிமன்ற டியூட்டி, கைதி வழிக்காவல், வி.ஐ.பி. பாதை. தமிழகக் காவலர்களுக்கு வார ஓய்வு முறைப்படி அறிவிக்கப்பட்டதே 2021-ல்தான். அந்த ஒரு நாளைத் துணி துவைக்கவும் தூங்கவும் செலவிடாமல் ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இந்தப் போட்டி ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பெண்கள் காவலர்களானது 1973-ல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. காக்கி உடுத்திய பெண்ணை ஊர் அரை நூற்றாண்டாகப் பார்த்துப் பழகிவிட்டது. டிராக் சூட்டில் ஓடும் பெண் காவலரைச் சுற்றுச்சுவருக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 29

வேளாங்கண்ணியில் கொடியேற்றம். மாவட்டமே பந்தோபஸ்தில். மைதானம் காலி.

செப்டம்பர் 12

அணியில் நான்கு பேர் பரமக்குடி பந்தோபஸ்து முடிந்து இன்னும் திரும்பவில்லை.

போட்டியின் உண்மையான எதிரி நாள்காட்டிதான். வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8 வரை. விநாயகர் ஊர்வலங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அடுத்து தீபாவளிக் கூட்டம், அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜை. பெரிய பந்தோபஸ்துக்கெல்லாம் வெளிமாவட்டங்களிலிருந்தும் ஆட்களை அனுப்ப வேண்டும். நான்கு பேர் தொடர் ஓட்டத்துக்குக் கோல் மாற்றிப் பழக நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தருகிற அதிகாரியின் அணி முன்னேறுகிறது. தராதவரின் அணியில் திறமை இருந்தும் கோல் கீழே விழுகிறது.

செப்டம்பர் 20

இன்று அவர் முட்டிக்கு பிரேஸ் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். வீட்டில் பெரிய சண்டைக்குப் பிறகு.

மண் தடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். 400 மீட்டரில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புவதில்லை. வெளித்தடங்களின் வளைவு நீளம் என்பதால், ஆறாவது தடத்தில் ஓடுகிறவர் முதல் தடத்தில் ஓடுகிறவரைவிட ஏறக்குறைய 38 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அவருக்குப் பதிலாக மண்டல அணியில் சேர்ந்திருக்கும் இளம் காவலருக்கு அந்தத் தடம் விழுந்தது. அந்தப் பெண் முகம் வெளிறிப் போய் வந்து நின்றாள்.

"அக்கா, எல்லாரும் எனக்குப் பின்னாடி நிக்கிறாங்க. யார் எங்க வர்றாங்கன்னே தெரியலை."

"தெரிய வேண்டாம்டி. முதல் இருநூறுல யாரையும் தேடாத. கடைசி வளைவுல காலடிச் சத்தம் கேக்கும், அப்பவும் திரும்பாத. கையை மட்டும் வேகமா வீசு."

மூன்று சுற்றுப் பயிற்சியிலும் அவர் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து முட்டி வீங்கியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் இரண்டு விநாடி குறைத்ததைப் பற்றியே சாப்பிடும்வரை பேசினார்.

அக்டோபர் 9

மாநிலப் போட்டி. கொடிகளோடு அணிவகுப்பு, தலைமை விருந்தினர் மரியாதையை ஏற்றல், உறுதிமொழி, ஓட்டங்கள், கடைசி நாள் கேடயம். இந்த ஒழுங்கு எந்தக் காவலருக்கும் கைவந்தது, அணிவகுப்பில் ஒரு கால்கூடப் பிசகுவதில்லை. பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான். ஸ்டார்ட்டிங் கோட்டில் நிற்பவர்கள் தோளில் பட்டை இல்லை, நட்சத்திரம் இல்லை. மார்பில் துணி எண் மட்டும். இரண்டாம் நிலைக் காவலர் எஸ்.ஐ.யைத் தாண்டி ஓடினால் யாரும் மெமோ கொடுக்கப் போவதில்லை. கயிறு இழுத்தலில் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் சாய்ந்தாக வேண்டும், கத்துகிறவர் ஏட்டாக இருந்தாலும் அவர் குரலுக்குத்தான்.

இளம் காவலர் நான்காவது. பதக்கம் இல்லை. இரவே பஸ் ஏறி, காலையில் ரோல்காலுக்கு நிற்க வேண்டும். முதல் சுற்றோடு தோற்றவர்கள் பலருக்கும் இதே கதைதான். ஓடி முடித்த காலோடு ஒரு நாள் ஓய்வெடுக்க விடுவதில் துறைக்கு என்ன குறைந்துவிடும்?

அக்டோபர் 21

காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக் ஹாட் ஸ்பிரிங்ஸில் உயிர்விட்ட மத்திய ரிசர்வ் போலீஸார் பத்துப் பேரின் நினைவில் வருவது. இன்று பயிற்சி கிடையாது.

நவம்பர் 5

மாநிலத்துக்கு மேலே அகில இந்தியப் போட்டிகள். உள்துறையின் கீழ் இயங்கும் அகில இந்தியக் காவல்துறை விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் 1950களிலிருந்து இவற்றை நடத்துகிறது. எல்லா விளையாட்டும் ஒரே ஊரில் நடப்பதில்லை. தடகளம் ஓரிடம், நீச்சலும் காட்டோட்டமும் சேர்ந்து ஓரிடம், மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதல் எல்லாம் ஒரு தொகுப்பாக இன்னோரிடம். கால்பந்துக் கோப்பை, உளவுத்துறை இயக்குநராக இருந்த பி.என். முல்லிக்கின் பெயரில். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் படை போன்றவை நிரந்தர அணிகளோடு வருவதால் மாநிலக் காவல்துறைகளுக்குப் பதக்கம் எளிதல்ல.

இருந்தாலும் மாநில அணிகள் சாதித்ததும் உண்டு. ஐ.எம். விஜயனும் வி.பி. சத்யனும் ஆடிய கேரளக் காவல்துறை அணி, நாட்டின் பெரிய கால்பந்துக் கழகங்களை மீறி 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. பஞ்சாப் காவல்துறையின் கர்தார் சிங் 1978, 1986 ஆசியப் போட்டிகளில் மல்யுத்தத் தங்கம் பெற்றார். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான சென்னை ஆயுதப்படைக் காவலர் நாகநாதன் பாண்டி, டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் தொடர் ஓட்டக் குழுவில் இடம்பெற்றார்.

நவம்பர் 14

மருத்துவர் அறுவைச் சிகிச்சை என்கிறார். மைதானப் பயிற்சியாளர், தசையை வலுப்படுத்திக்கொண்டு குண்டு எறிதலுக்கு மாறலாம் என்கிறார். பெண்களுக்குக் குண்டு 4 கிலோ. கோட்டோரத்தில் வாட்ச் பிடித்து நிற்பதே போதும் என்று காயம்பட்டவரோ ஒரு நாள் சொல்கிறார், மறுநாள் ஸ்பைக்ஸைத் துடைத்து வைக்கிறார்.

1985-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலகக் காவல், தீயணைப்பு விளையாட்டுப் போட்டி 2029-ல் குஜராத்துக்கு வருகிறது. அதில் வயதுப் பிரிவுகள் உண்டு, ஓய்வு பெற்றவர்களும் கலந்துகொள்ளலாம். அப்போது அவருக்கு 34 வயது. இதை வீட்டில் சொன்னபோது, "எந்த ஈவென்ட்டுக்கு?" என்று மட்டும் கேட்டார்.