முருக்கம்பூத் துறைமுகம்

கடல் கடந்து செல்வது தமிழருக்குப் புதியதன்று. ஆயின், முன்னோர் கடல் கடந்து சென்று விட்டுவந்த சுவட்டைப் பின்னோர் தேடிச் சென்று காணும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. சென்ற சித்திரை விடுமுறையில் அப்பேறு எமக்கு வாய்த்தது. சீனநாட்டின் தென்கிழக்குக் கரையில், பூஜியான் மாகாணத்திலுள்ள சுவான்சூ என்னும் துறைமுக நகரில், மனைவியுடனும் ஒன்பது வயது மகளுடனும் ஐந்து நாட்கள் தங்கி வந்தோம்.

சீனம் என்றதும் பெருஞ்சுவரையும் பெய்ஜிங் அரண்மனையையும் எண்ணுவோரே பலர். சுவான்சூவின் பெயரைக் கேட்டறிந்தோர் நம்மிடையே சிலரே. கொழும்பிலிருந்து குவாங்சூ வரை விமானத்திற் சென்று, அப்பால் கடுகதிப் புகையிரதம் ஏறினோம். மலைகளைக் குடைந்த சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றை எண்ணத் தொடங்கிய மகள், இருபதைக் கடந்ததும் தாயின் தோளிற் சாய்ந்து உறங்கிவிட்டாள்.

பெயரின் வரலாறு

இந்நகருக்குப் பழம்பெயர் ஒன்று உண்டு. முள்ளுடைய ஒரு மரத்தின் பெயரால் சீனர் இதனைச் ‘சித்துங்’ என்றனர். அராபிய வணிகர் நாவில் அது ‘சைத்தூன்’ ஆயிற்று. மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் அப்பெயராலேயே இத்துறையைப் புகழ்ந்தனர். அம்மரம் யாது என்று அறியும் விருப்பம் எமக்கு மிகுந்தது. தெருவோரத்திற் செக்கச் செவேலெனப் பூத்து நின்ற மரத்தைக் கண்டதும் எம் மனைவியார், “இது நம்முடைய முள்முருக்கு அல்லவா?” என்றார். உண்மையே. யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்பதும், திருமணத்திற்குக் கன்னிக்காலாக ஊன்றப்படுவதுமான அதே முருக்குத்தான் அது. இன்றும் அந்நகரின் மலர் முருக்கம்பூவே. அந்நியநாடு என்ற எண்ணம் அக்கணமே எம்மிற் பாதி அகன்றது.

மரக்கறி உண்போர்க்குச் சீனத்தில் உணவு கிடையாது என்று புறப்படுமுன் அச்சுறுத்தினோர் உளர். பௌத்த ஆலயங்கள் நிறைந்த ஊராதலின் எமக்கு அத்துன்பம் நேரவில்லை. கச்சானைக் குழையக் காய்ச்சிய இனிப்புக் கஞ்சியும், கடற்பாசியை உறையவைத்துத் தேன் வார்த்துத் தரும் குளிர்பண்டமும் மகளின் நாளாந்த உணவாயின.

கையுவான் ஆலயம்

நகரின் நடுவே 686ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கையுவான் பௌத்த ஆலயம் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் கல்லால் எழுப்பிய இரு கோபுரங்கள் அதன் இருபுறமும் ஓங்கி நிற்கின்றன. உயர்ந்தது ஏறக்குறைய 48 மீற்றர். ஆயினும் எம்மை ஈர்த்தது அவற்றின் உயரமன்று. பெருமண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் நிற்கும் இரு கருங்கற்றூண்களே. பதினாறு பட்டைகளுடைய அத்தூண்களில் வட்ட வட்டமாகச் சிற்பங்கள் அமைந்துள்ளன.

முதலிற் கண்டவள் மகளே. “அப்பா, இங்கே நரசிம்மர் இருக்கிறார்!” என்று கூவினாள். இரணியனை மடியிற் கிடத்திய நரசிம்மம் ஒரு வட்டத்தில்; இரு மரங்களிடையே உரலை இழுத்துச் செல்லும் பாலகிருஷ்ணன் இன்னொன்றில். பாட்டியாரிடம் கேட்ட கதைகளையெல்லாம் அவள் விரலாற் சுட்டிச் சுட்டிச் சொல்ல, அருகில் நின்ற சீனச் சிறுவர் இருவரும் மொழி அறியாமலே சிரித்து மகிழ்ந்தனர். சிதைந்துபோன இந்துக் கோயிலின் தூண்களை, பின்னாளிற் பௌத்த ஆலயத் திருப்பணி செய்தோர் இங்கு நிறுத்தினர் என்பது வரலாறு.

அவ்வளாகத்திலேயே பழங்கப்பல் ஒன்றும் காட்சிக்கு உள்ளது. 1974ஆம் ஆண்டில் அயலிலுள்ள துறையின் சேற்றிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட அது பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குரியது. எஞ்சிய பகுதியே 24 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. அடிப்பகுதி பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்டுள்ளது. ஓர் அறையில் நீர் புகினும் ஏனையவை கப்பலைத் தாங்கும். நறுமணக் கட்டைகளும் மிளகும் சோகிகளும் அதனுட் கிடைத்தன. தான் விளையாடும் சோகி கப்பலேறி வந்த பண்டம் என்று அறிந்த மகளுக்கு வியப்பு அடங்கவில்லை.

தமிழ் பேசும் கல்

மறுநாள் கடல்வணிக வரலாற்று நூதனசாலைக்குச் சென்றோம். இலிங்கத்தை வழிபடும் யானை, இலிங்கத்தின்மீது பால் சொரியும் பசு எனக் கோயிற் சிற்பங்கள் பல அங்கே உள்ளன. இவற்றுட் பலவும் நகரின் பழைய மதிலிலும் பிறவிடங்களிலும் வெறுங்கற்களாகப் பொருந்தியிருந்தவை. அவற்றைத் தேடித் திரட்டியவர்களுள் முதன்மையானவர் வூ வென்லியாங் என்னும் பாடசாலை ஆசிரியர். தாம் திரட்டியவற்றை நாட்டுக்கே வழங்கி, 1957இல் அவைபற்றி நூலும் வெளியிட்டார். தமக்கு விளங்காத சமயத்தின் கற்களையும் ஓர் ஆசிரியர் இவ்வாறு காத்தார் என்பது, அதே தொழிலினராகிய எமக்குப் பெருமிதம் தந்தது.

இந்நகரிற் கிடைத்தவற்றுள் தலையாயது தமிழ்க் கல்வெட்டு. சகாப்தம் 1203, சித்திரைத் திங்கள் என்று காலம் குறிக்கின்றது. அதாவது 1281ஆம் ஆண்டு. சம்பந்தப்பெருமாள் என்பார், சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசன் குப்லாய்க் கானின் நலம் வேண்டி, திருக்கதலீச்சுரத்துச் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. தமிழின்கீழ்ச் சீன எழுத்தும் உண்டு.

இதனை விளக்கியபோது மகள் ஒரு வினா எழுப்பினாள்: “அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே?”

வரலாற்று விடை எளிது. 1357 முதல் 1366 வரை அந்நகரிற் பெருங்கலகம் நிகழ்ந்தது. பின்வந்த மிங் அரசர் தனியார் கடல்வாணிகத்தைத் தடைசெய்தனர். பிறநாட்டு வணிகர் பலர் நீங்கினர். எஞ்சினோர் சீனரோடு சீனராயினர். ஆயினும் அவ்விடையைச் சொல்லி முடித்த பின்னரும் எம் நெஞ்சு அமைதியுறவில்லை. எமது ஒழுங்கையிற் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நினைவில் எழுந்தன. 1983ஆம் ஆண்டின் பின் புறப்பட்டு இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் கோயில் எடுத்து வாழும் உறவினரின் பிள்ளைகள், பேரரின் தமிழைப் புரிந்துகொண்டும் வேற்றுமொழியில் விடையிறுப்பதை நாம் கண்டதுண்டு. சுவான்சூத் தமிழரும் கோயில் எடுத்தவர்களே. அரசனின் நல்லெண்ணத்தையும் பெற்றவர்களே. கோயிலும் செல்வமும் மட்டுமே ஒரு மொழியைக் காத்துவிடா என்பதற்கு அக்கல்லே சான்று.

சூடிய மலரும் ஏற்றிய தூபமும்

நகரின் புறத்தே சுன்பு என்னும் மீனவர் சிற்றூர். சிப்பி ஓடுகளாற் சுவரெழுப்பிய வீடுகளும், கொண்டையைச் சுற்றி வட்டவட்டமாக மலர்சூடும் மகளிரும் அவ்வூரின் சிறப்பு. ஆங்கு ஒரு முதியவள் எம் மகளுக்குத் தலைவாரி மலர்சூட்டிவிட்டாள். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மலரின்றி மங்கலம் இல்லை என்பதை அவளுக்கு உணர்த்த மொழி இருக்கவில்லை; எம் மனைவியார் தம் கொண்டையைத் தொட்டுக் காட்டினார். அதுவே போதியதாயிற்று.

இறுதிநாளிற் சேடியான் என்னும் சிற்றூருக்குப் போனோம். அங்கே சிறு கோயில் ஒன்றில் நான்கு கைகளுடன், அடியில் அசுரன் கிடக்க, இருமருங்கும் பணிபெண்டிர் நிற்க அமர்ந்த பழங்கற்சிலை ஒன்றுண்டு. இந்துக் கோயிலினின்றும் வந்த அத்தெய்வத்தை ஊரார் குவான்யின் என்னும் கருணைத்தாயாகக் கொண்டு வழிபடுகின்றனர். நாம் சென்ற வேளையில் ஒரு மூதாட்டி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் கைகூப்பி நின்றாள். மூதாட்டி அவளுக்கும் ஒரு வத்தியைக் கொடுத்தார். பெயர் மாறியது, மந்திரம் மாறியது, வழிபாடு நின்றபாடில்லை.

2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சுவான்சூவின் 22 இடங்களை உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்றது. கற்களுக்கு இனி அழிவில்லை என நம்பலாம். கல்லைப் பிறரும் காப்பர். மொழியை அதற்குரியவரே காத்தல் வேண்டும்.

சீனம் செல்ல இயலாத மாணவர்க்கு ஒன்று கூறுவோம். சீனக் கடற்றளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு நம் தீவிற்குக் கொணர்ந்த கல் ஒன்றுண்டு. சீனத்திற் புத்தரையும், பாரசீகத்தில் இசுலாமிய இறைவனையும், தமிழிலே தெனவரை நாயனாரையும் அது போற்றுகின்றது. 1911இற் காலியில், ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. பெற்றோர் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்வாராக. தேய்ந்த எழுத்தாயினும், பொறுமையுடன் நோக்கினால் சிலவற்றை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். அவ்வாறு வாசிக்கவல்ல பிள்ளைகள் நம்மிடையே உள்ளவரை அக்கல் பேசும்.