சுட்டுவிரல் இல்லாத கிடார்

"கை என்னாச்சு?" என்று நேராகக் கேட்பவர்கள் குறைவு. கையைப் பார்த்துவிட்டு அவசரமாக முகத்தைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் வலது கை சுட்டுவிரல் நடுக்கணுவோடு சரி. மேலே ஒன்றும் கிடையாது. ஏழாம் வகுப்பு படிக்கும்போது, குற்றாலம் சீசனுக்கு அப்பா போட்டிருந்த கரும்புச்சாறு கடையில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிக்கிய சக்கையை இழுத்தேன். சாரலில் கை வேறு ஈரம். நிறுத்திவிட்டு எடு என்று நூறு தடவை சொல்லியிருந்தார்கள். தப்பு என்னுடையதுதான். அந்தக் கதை அவ்வளவு போதும், சொல்ல வந்தது கிடார் பற்றி.

பி.காம் இரண்டாம் வருடம் படிக்கும்போது, படிப்பு முடித்துக் கிளம்பிய சீனியர் அண்ணன் ஒருவர் தன் பழைய கிடாரை 2,500 ரூபாய்க்குக் கொடுத்தார். "ஒனக்கு எதுக்குலே இது?" என்று கூட இருந்த நண்பன் கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆசையாக இருந்தது, வாங்கிவிட்டேன்.

கிடார் வாசிக்கும்போது இடது கை கம்பிகளை அழுத்தும், வலது கை அடிக்கும். அடிப்பதற்கு 'பிக்' என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். பார்த்தீர்களா, முதல் பாடத்திலேயே நான் அவுட்.

திருநெல்வேலியில் கம்பி வாங்கப் போன கடையில் ஒரு அண்ணாச்சி, "தம்பி, பேசாம கிடாரைத் திருப்பிப் பிடிச்சிருங்க. இடது கையால அடிங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் திருப்பினால் என் வலது கை கம்பிகளை அழுத்த வேண்டும். அந்த வேலைக்கு நான்கு விரலும் வேண்டும். அதிலும் எஃப் கார்ட் வந்தால் சுட்டுவிரலை ஆறு கம்பி மேலும் கட்டை மாதிரி படுக்கவைக்க வேண்டும். என்னிடம் இருக்கிற அரை விரல் மூன்று கம்பியைத் தாண்டாது. யோசித்துப் பார்த்தால், ஒரு விரல் போகத்தான் வேண்டும் என்றால் அடிக்கிற கையில் போவது நல்லது. அங்கே நஷ்டம் கம்மி. (காமர்ஸ் புத்தி!)

விரல் இல்லாதவன் கிடார் வாசிக்கிறான் என்றதும் ஆளாளுக்கு வாட்ஸப்பில் ஜாங்கோ ரைன்ஹார்ட் வீடியோவை அனுப்பினார்கள். பெரிய மேதைதான். 1928-ல் பாரிஸ் அருகே அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து, இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போய், மிச்ச இரண்டு விரலை வைத்தே உலகத்தை அசத்தியவர். அடுத்து டோனி அயோமி. 1965-ல் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை மெஷினில் இரண்டு விரல் நுனி போனது. அவர் இடது கைக்காரர் என்பதால் போனது கம்பி அழுத்துகிற வலது கையில். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். இரண்டு பேருக்கும் பாதிக்கப்பட்டது அழுத்துகிற கை. என் பிரச்சினை அடிக்கிற கை. "அவர் முடியும்னு காட்டலையா?" என்று கேட்பவர்களிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால், நான் சாக்கு சொல்வதாக நினைக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் வருபவர் ஜெர்ரி கார்சியா. நாலு வயதில், 1947-ல், அண்ணனோடு விறகு வெட்டும்போது வலது கை நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பிறகு 'கிரேட்ஃபுல் டெட்' குழுவில் முப்பது வருடம் கிடார் வாசித்தார். ஆனாலும் அவருக்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இருந்ததே! பிக் பிடிக்கப் பஞ்சமில்லை.

கடைசியில் எனக்கு வழி காட்டியவர் பத்து விரலும் உள்ள ஒருவர். எட்டி வான் ஹேலன் பிக்கை கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில்தான் பிடிப்பார். அது அவர் பழக்கம். அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நான் எட்டு வருடமாகப் பேனா பிடிப்பதே அப்படித்தான். லெட்ஜர் முழுக்க அந்தப் பிடியில்தான் கோடு போட்டிருக்கிறேன்.

ஆனால் பேனா வேறு, பிக் வேறு. பேனாவை அழுத்திப் பிடித்தே பழகிய கை. அதே பிடியில் அடித்தால் முழங்கை வரை இறுகி, பத்து நிமிடத்தில் வலி. சத்தமும் தகரத்தில் கல் விழுந்த மாதிரி. தளர்த்திப் பிடித்தாலோ பிக் சுற்றிக்கொள்ளும். சாதாரணமாகச் சுட்டுவிரலை மடக்கினால் அதன் பக்கவாட்டுச் சதை பிக்கின் அடியில் அகலமாக ஒரு மேடை மாதிரி இருக்கும். நடுவிரல் நீளம், அதன் நுனிதான் பிக்கைத் தொடும். ஒரு புள்ளியில் மட்டும் பிடித்த பொருள் சுற்றத்தானே செய்யும்? நாலு அடி அடித்ததும் கூர்முனை உள்ளங்கைப் பக்கம் போய்விடும். இரண்டு தடவை பிக் கிடாரின் ஓட்டைக்குள்ளேயே விழுந்து, தலைகீழாகக் குலுக்கி எடுத்தேன்.

இதற்குத் தீர்வு நான் மறைத்தே வைத்திருந்த மொட்டை விரலில் இருந்தது. பிக்கின் பின்பக்க விளிம்பில் அதை லேசாகச் சாய்த்துக் கொடுத்தால் சுற்றாது. பிடிக்க வேண்டாம், முட்டுக் கொடுத்தால் போதும். முதலில் கூசியது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. பிக்கும் 0.46 மி.மீ. மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும், கம்பியில் பட்டதும் அது வளைந்து கொடுத்தால் கைக்குத் தள்ளு குறையும். முனை நாலு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரியக்கூடாது.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. ஸ்ட்ரம்மிங் விரலில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. கை ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அடிக்க வேண்டாத இடத்திலும் கை நிற்காது, கம்பியைத் தொடாமல் சும்மா போய் வரும். கீழே போகும்போது ஆறு கம்பி, மேலே வரும்போது மெல்லிய மூன்று கம்பி பட்டால் போதும். இடது கையைக் கம்பிகள் மேல் சும்மா வைத்து சத்தத்தை அமுக்கிவிட்டு, 'சக் சக்' என்று தினமும் கால் மணி நேரம் இதை மட்டும் செய்தேன். வீட்டில் அம்மா, "தேங்கா துருவுற மாதிரியே இருக்கு, பாட்டு எப்பம்யா வரும்?" என்றாள்.

விரல் விரலாக மீட்டுவது இன்னும் பாதிக் கிணறுதான். வழக்கமாக மூன்றாவது கம்பி சுட்டுவிரலுக்கு, இரண்டாவது நடுவிரலுக்கு, முதல் கம்பி மோதிர விரலுக்கு. நான் எல்லாவற்றையும் ஒரு விரல் தள்ளிவைத்தேன். முதல் கம்பி சுண்டு விரலிடம் போனது. அதற்கு வலுவே இல்லை. ஆனால் வீணையில் தாளக் கம்பிகளைச் சுண்டுவதே சுண்டு விரல்தான் என்று படித்ததிலிருந்து அதைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் எல்லாரும் வாசிக்க ஆசைப்படும் அந்தக் கிடார் ஆரம்பத்தைப் பாதி வேகத்தில் வாசிக்கிறேன். பாதி வேகத்திலும் அழகாகத்தான் இருக்கிறது :-)

குற்றாலம் சீசன் வந்தால் இன்னொரு தொல்லை. சாரல் காற்றில் கம்பி ஒரே மாதத்தில் துருப்பிடிக்கிறது. மரம் ஈரம் குடித்து உப்பி, கம்பி மேலே எழும்பி, அழுத்தவே முடியவில்லை. பிக்கும் விரல் ஈரத்தில் வழுக்கும்.

அப்பா அந்தக் கரும்பு மெஷினை விபத்து நடந்த வாரமே விற்றுவிட்டார். அதற்குப் பிறகு சீசனுக்கு நேந்திரம் சிப்ஸ் கடைதான். என் கையை அவர் நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட என் இலையைத்தான் பார்ப்பார். கிடார் வாங்கியதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

போன சீசனில் ஒரு நாள் மெயின் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். பிக் மூன்று தடவை வழுக்கி விழுந்தது. மூன்றாவது தடவை அப்பா குனிந்து எடுத்தார்.

"இது ஏன்லே சுத்துது?"

சொன்னேன். கையை நீட்டச் சொன்னார். மொட்டை விரலைப் பிடித்து, பிக்கை வைத்து, அது எங்கே முட்டுகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிப்ஸ் டப்பா மூடி ஒன்றை எடுத்து, கத்தரியால் முக்கோணமாக வெட்டி, பக்கத்துக் கடையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வாங்கி, விரல் படுகிற இடத்தில் ஒட்டிக் கொடுத்தார்.

மூடி ரொம்பத் தடிமன். சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வருகிறது. ஆனால் சுற்றவே இல்லை. அப்பா அதற்குப் பிறகு இரண்டு மூடிகளை வீணாக்கி, தேய்த்து மெல்லிசாக்கி நாலு செய்து வைத்திருக்கிறார். காலேஜ் டே அன்று நான் வாசித்தது மூன்றாவதில். நாலாவது வழக்கம்போல ஓட்டைக்குள் விழுந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை.